முதல் ஓலைக்கு முந்தின நாள்

அத்தியாயம் 14

ஏஞ்சலினுக்கு வியட்நாமில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. அப்பா செபாஸ்டினுக்கு அது தெரியும். அம்மா லூர்தம்மாளுக்குத் தெரியாது. கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரும் வழியில் சொல்லிவிடுவது என்று அப்பாவும் பெண்ணும் பேசி வைத்திருந்தார்கள். வழியெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றும் பேசாமலே வீடு வந்து சேர்ந்தார்கள். போன வாரம் அங்கேதான் விட்டோம்.

இப்போது சனிக்கிழமை காலை.

"ஏஞ்சலின் பாப்பா எந்த வருஷம்மா பொறந்துச்சு? தொண்ணூத்தி நாலா, அஞ்சா?"

கோயில் அலுவலக ஜன்னலிலிருந்து, பங்குச் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சந்தியாகு கேட்டார். நாளைய பூசைக்குப் பீடத்தில் வைக்க லூர்தம்மாள் ஒரு கூடை சாமந்தி கொண்டுவந்திருந்தாள். கல்லறைத் திருநாள் முடிந்ததும் கம்பைநல்லூர் சந்தையில் சாமந்தியைக் கேட்க ஆளில்லை. தோட்டத்தில் காய்வதற்குக் கோயிலிலாவது இருக்கட்டும் என்று பறித்து வந்திருந்தாள்.

"அஞ்சு. மாசி மாசம். எதுக்குக் கேக்கறீங்க?"

"பழைய ரிஜிஸ்தர்ல தேடிட்டு இருக்கறன். ஞானஸ்நான சர்ட்டிபிகேட் வேணும்னு பாப்பா கேட்டுச்சு. ஃபாதர்கிட்ட ஒரு லெட்டரும் கேட்டிருக்குது."

லூர்தம்மாள் கூடையைக் கீழே வைத்தாள்.

ஞானஸ்நானச் சான்றிதழை யாரும் சும்மா கேட்பதில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு தாள் இருப்பதே ஞாபகமிருக்காது. வேறு ஊர்ப் பங்குக் கோயிலில் போய்த் தாலி கட்டுகிறவர்கள்தான் அதைத் தேடி வருவார்கள். இங்கே ஞானஸ்நானம் பெற்ற பெண்தான், இன்னும் கல்யாணமாகாதவள்தான் என்று அந்தப் பங்குச் சாமியாருக்குக் காட்ட வேண்டுமே, அதற்காக.

சந்தியாகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சிரித்தார். "எந்தப் பங்கும்மா? கோவிலூரா? சேலத்துப் பக்கமா?"

"உங்ககிட்ட சொல்லலையா அவ?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? பெத்தவங்க நீங்க இருக்கறப்ப."

 லூர்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, ஆமா. இன்னும் பேசிட்டுதான் இருக்கறோம். முடியட்டும், சொல்றன்" என்றாள்.

"முடியட்டும்னா எப்டிம்மா? நாளு இல்லையே." உபதேசியார் சுவரிலிருந்த காலண்டரைக் காட்டினார். "இருபத்தொம்பது ஞாயித்துக்கெழம திருவருகைக் காலம் தொடங்குது. அப்புறம் கிறிஸ்துமஸ் முடியற வரைக்கும் கோயில்ல தாலி ஏறாது. அதுக்கு முன்னாடி மூணு ஓலை வாசிச்சாவணும். நாளைக்கு எட்டு. அப்புறம் பதினஞ்சு, இருபத்திரண்டு. மொத ஓலை நாளைக்கே வாசிச்சாத்தான் ஆச்சு."

ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. பூசை முடியும் நேரத்தில், இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது என்று மூன்று ஞாயிறும் பீடத்திலிருந்து வாசிப்பார்கள். ஊரே திரும்பிப் பெண்ணின் அம்மாவைப் பார்க்கும்.

"ஃபாதர் எங்க?"

"தர்மபுரியில மீட்டிங்கு. அஞ்சு மணிக்கு வந்துருவாரு. நான் வேணா கேட்டு வைக்கட்டுமா?"

"வேணாம் வேணாம். நானே கேட்டுக்கறன்."

பூவைப் பீடத்தில் வைக்காமலே அவள் கோயிலை விட்டு வெளியே வந்துவிட்டாள். கேட்டைத் தாண்டியதும் அரூரிலிருக்கும் அக்கா தங்கம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, ஏஞ்சலின் கல்யாணம் பண்ணிக்கப் போறா."

"ஏசுவே! யாரடி?"

"அது தெரிஞ்சா உனக்கு ஏன் போன் பண்றன்?"

விஷயத்தைக் கேட்டுக்கொண்டதும் தங்கம்மாள் போலீஸ்காரி மாதிரி விசாரிக்க ஆரம்பித்தாள். "ஒரு வருஷமா அவ நடவடிக்கையில என்ன மாத்தம் பாத்த? ஒண்ணு விடாம சொல்லு."

"காலாண்டு லீவுல முடிய வெட்டிட்டு வந்தா. இடுப்பு வரைக்கும் இருந்தது, இப்ப தோள்ல நிக்குது."

"அப்புறம்?"

"வண்டி ஓட்டக் கத்துக்கிட்டா. முப்பது வயசு வரைக்கும் பஸ்சுலதான் பள்ளிக்கூடம் போனா. திடீர்னு ஸ்கூட்டி."

"அப்புறம்?"

"இவங்கப்பா கெணத்துல நீச்சல் கத்துக் குடுத்தாரு. முதுவுல பிளாஸ்டிக் கேனக் கட்டிக்கிட்டு, ஒரு டீச்சரு, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா, கெணத்துல கெடந்து தத்தளிக்கறா."

"அது கெடக்கட்டும். ஆம்பள வாசனை எதாச்சும்?"

லூர்தம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "காலையில அஞ்சு மணிக்கு அவ ரூமுக்குள்ள ஒரு ஆம்பளக் கொரலு. செல்லுல. இங்கிலீசுல பேசறான். இவளும் சிரிச்சு சிரிச்சுப் பேசறா. கேட்டா கிளாசுன்றா."

"எத்தினி நாளா?"

"ஆறு மாசமா."

"ஆறு மாசமாக் கேட்டுக்கிட்டு சும்மாவா இருந்த?"

"டீச்சர் ஆச்சேக்கா. கிளாசுன்னா நம்பறதுதான?"

"நல்லா நம்பின போ. வேற?"

"காரத்தக் கொறச்சுட்டா. கொழம்புல மொளகாப்பொடி பாதி போடுன்றா."

"அப்ப மாப்பிள்ள காரம் திங்காதவன்."

"அப்புறம் ரெண்டு மூங்கில் குச்சி வெச்சிருக்கறா. அதுல வறுத்த கல்லக்காய ஒண்ணு ஒண்ணா இடுக்கி எடுத்துத் திங்கறா."



"அது எதுக்குடி?"

"தெரியலயே."

"அது எதுலயும் சேரல. அத விடு." தங்கம்மாள் பெருமூச்சு விட்டாள். "சரி, இப்ப உனக்கு என்ன கஷ்டம்? சர்ட்டிபிகேட் கேட்டிருக்கறான்னா கோயில் கல்யாணந்தான். நம்ம சனந்தான். சந்தோசப்படாம ஏன் அழுவற?"

"நான் எங்க அழுதன்? எவனா இருந்தாலும் எனக்குச் சம்மதந்தான். ஆனா நாளைக்குப் பூசையில, ஊரு சனத்தோட சனமா ஒக்காந்து, எம் பொண்ணுக்கு மாப்பிள்ள யாருன்னு நான் கேக்கக் கூடாதுக்கா. எல்லாரும் எம் மூஞ்சியப் பாப்பாங்க. நான் யாரு மூஞ்சியப் பாக்கறது? அதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாவணும்."

"நான் மத்தியான பஸ்சுக்கு வர்றன். நீ எதையும் காட்டிக்காத."

காட்டிக்கொள்ளாமல் இருப்பது லூர்தம்மாளுக்கு வராத காரியம். நேராகத் தோட்டத்துக்குப் போனாள்.

செபாஸ்டின் மோட்டார் கொட்டகைப் பக்கம் உட்கார்ந்து சொட்டுநீர்க் குழாயில் அடைத்திருந்த மண்ணைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எதிரே லாரி ஏறி வந்தாலும் முகம் மாறாது. மனைவி கேள்வி கேட்டால் மாறும்.

"ஏங்க, மாப்பிள்ள யாரு?"

"எந்த மாப்பிள்ள?"

"உங்க பொண்ணுக்கு. நாளைக்கு ஓலை வாசிக்கப் போறாங்களாம், உபதேசியார் நாள் எண்ணி வெச்சிருக்கறாரு. நீங்க என்னடான்னா குழாய நோண்டிக்கிட்டு இருக்கறீங்க."

செபாஸ்டின் முகத்தில் முதலில் பயம் வந்தது. அப்புறம் அது கலைந்து சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"சிரிக்கறீங்க."

"இல்ல லூர்து... கல்யாணம்னு யாரு சொன்னது?"

"ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டு கேட்டிருக்கறா. வேற எதுக்குக் கேப்பாங்க?"

சிரிப்பு நின்றது. அவர் மறுபடி குழாயைக் கையில் எடுத்தார்.

அதைப் பார்த்ததும் லூர்தம்மாளுக்கு வேறொரு நினைப்பு ஓடியது. வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். மடத்தில் சேர்வதற்கும் அதே தாளைத்தான் கேட்பார்கள். "முடிய வெட்டினது அதுக்கா? சிஸ்டராப் போறாளா? வந்த ரெண்டு வரனையும் வேணாம்னது அதுக்கா?"

"அட, இல்லம்மா. அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"கல்யாணமும் இல்ல, மடமும் இல்ல. அப்ப எது?"

"அவ வரட்டும். அவ வாயால சொல்லுவா."

"அப்ப சொல்றதுக்கு ஒண்ணு இருக்குது."

அவர் குழாயை இன்னும் பலமாகக் குத்தினார்.

"அது உங்களுக்குத் தெரியும்."

குழாயை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார்.

லூர்தம்மாள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "எம் பொண்ணு சேதி எனக்கு எத்தினியாவது ஆளா வந்து சேருது பாத்தீங்களா? உபதேசியாருக்கு அடுத்ததா நானு." இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினாள். "போயி அந்தக் கருப்புச் சேவலப் புடிச்சு அடிங்க."

"இப்ப எதுக்குச் சேவலு?"

"நல்லதோ கெட்டதோ, சோறு தின்னுட்டுதான் கேக்கப் போறன்."

அரூரில் பள்ளிக்கூடம் பன்னிரண்டரைக்கு விட்டது. ஏஞ்சலின் ஸ்கூட்டியை எடுக்காமல் அதன்மேல் சாய்ந்து நின்று, காலையில் வந்த மெயிலை ஐந்தாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

வியட்நாமில் ஒரு மலையூர். அங்கே கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆங்கிலப் பயிற்சி நிலையம். அவர்கள்தான் எழுதியிருந்தார்கள். இப்போதிருக்கும் டீச்சர், தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் திடீரென்று ஊருக்குப் போய்விட்டாராம். முதலில் ஏஞ்சலினை ஜனவரியில்தான் வரச் சொல்லியிருந்தார்கள்; அதுவரை பிள்ளைகளைச் சும்மா விட முடியாதாம். நவம்பர் இருபத்தெட்டாம் தேதியே வர முடியுமா? திங்கட்கிழமைக்குள் பதில் தேவை. பங்குக் குருவின் கடிதத்தையும் அதோடு அனுப்பி வைக்கவும்.

முடியாது என்றால்? வேறு ஒருவரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகவே எழுதியிருந்தார்கள்.

போன் அடித்தது. அப்பா.

"கண்ணு, எங்க இருக்கற?"

"கெளம்பிட்டேம்பா."

"வந்து... உங்கம்மா உனக்குக் கல்யாணம்ன்றா."

"என்னது?"

சான்றிதழ், உபதேசியார், ஓலை எல்லாவற்றையும் செபாஸ்டின் மூச்சு விடாமல் சொன்னார். ஏஞ்சலின் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக ஒவ்வொரு காகிதமாகச் சேர்த்தவள். போலீஸ் சான்றிதழுக்கு விசாரிக்க வந்தவரைக்கூட அம்மா சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில் வரவழைத்தவள். கோயிலில் கேட்கும் ஒரு தாளுக்கு ஊரில் என்ன அர்த்தம் என்று யோசிக்காமல் போய்விட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லல கண்ணு. ஆனா இன்னிக்கிச் சொல்லிறணும். சேவல அடிச்சாச்சு."

"சரிப்பா. அப்பா..."

"சொல்லு."

செபாஸ்டின் பொங்கல் வரைக்கும் திட்டம் போட்டு வைத்திருந்தார். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடிலைப் பெரிதாகக் கட்டுவதற்கு ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஜோ இரண்டு நாள் முன்னதாகவே வருகிறான். பொங்கல் முடிந்ததும் சிநேகிதரின் காரில் அவரே ஓட்டிப்போய்ச் சென்னையில் பிளேன் ஏற்றிவிடுவார். அதற்காகத் தாம்பரத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும் எங்கெங்கே திரும்ப வேண்டும் என்பதைக்கூடக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா. வந்துட்டே இருக்கேன்."

வீட்டில் இலை போட்டிருந்தது. லூர்தம்மாள் மகளை உட்காரவைத்துச் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்தாள். செபாஸ்டின் தங்கம்மாளைக் கூட்டிவரப் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தார். தப்பித்துப் போயிருந்தார் என்றும் சொல்லலாம்.

"பேரு என்ன?"

"யார் பேரும்மா?"

"அஞ்சு மணிக்காரன் பேரு."

ஏஞ்சலினுக்குப் புரை ஏறியது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, அவருக்கு அறுபத்தெட்டு வயசு. இங்கிலீஷை எப்படிச் சொல்லித்தர்றதுன்னு எங்களுக்குச் சொல்லித்தர்றவரு. என்ன மாதிரியே இன்னும் முப்பது பேரு அந்தக் கிளாசுல இருந்தாங்க."

"அந்த முப்பதுல ஒருத்தனா?"

"யாருமில்லம்மா. எனக்குக் கல்யாணமில்ல. வேலை கெடச்சிருக்கு."

"வேலையிலதான இருக்கற?"

"வேற வேலை. வியட்நாம்ல. அங்க பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரணும். சிஸ்டருங்க நடத்தற எடம், அதனாலதான் சர்ட்டிபிகேட்டு, சாமியார் லெட்டரு எல்லாம் கேக்கறாங்க."

லூர்தம்மாளின் கையிலிருந்த கரண்டி குழம்புச் சட்டியில் மெல்ல இறங்கியது.

"பிளேன்ல போற ஊரா?"

"ஆமாம்மா."

"உங்கப்பனுக்கு எப்பத் தெரியும்?"

"போன வருஷம் கல்லறைத் திருநாள்ல இருந்து."

"ஒரு வருஷம்."

"கெடைக்குமான்னே தெரியாதும்மா. ரெண்டு எடத்துல வேணாம்னுட்டாங்க. ஜோ ஓசூருக்கு வேலைக்குப் போனப்ப நீ மூணு நாள் சாப்பிடல. ஓசூரு! கெடைக்காத வேலைக்கு எதுக்கு உன்னப் பட்டினி போடணும்னுதான்..."

"நான் பட்டினி கெடந்தா கெடந்துட்டுப் போறன். பசிச்சா தின்னப் போறன். அதுக்காவ ஒரே வூட்டுக்குள்ள மூணு பேர்ல ரெண்டு பேரு ஒளிச்சுப் பேசுவீங்களா? நான் அடுப்படியில இருந்தா வெளிய, நான் வெளிய வந்தா கெணத்து மேட்டுல. இப்பத் தெரியுது நீச்சல் எதுக்குன்னு."

"நீச்சல் நெஜமாவே நீச்சல்தாம்மா. அந்த ஊர்ல ஆறு இருக்கு."

லூர்தம்மாள் எழுந்து போய்விட்டாள். கொல்லையில் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் சத்தம் கேட்டது. ஏஞ்சலின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வெட்டும் சத்தம் வேகமாக இருந்தது. அப்புறம் மெதுவானது. அப்புறம் நின்றது. லூர்தம்மாள் கையில் அரிவாளோடு கதவருகே வந்து நின்றாள்.

"அந்தப் பசங்களுக்கு எத்தினி வயசு?"

"பத்துல இருந்து பதினாலு."

"அவங்க பாஷை உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாலு வார்த்தை கத்துக்கிட்டேன்."

"அவங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"எப்படிம்மா தெரியும்?"

"அப்ப பாடம் புரியலைன்னா என்ன பண்ணுவ?"

ஏஞ்சலின் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். இந்த ஒரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளுக்குத் தெரிந்திருந்தால் சம்பளத்தைக் கேட்டிருப்பார்கள்.

"அதுக்குத்தாம்மா போறேன். ஒன்பது வருஷமா இங்கிலீஷ் டீச்சர். ஒரு வார்த்தை புரியலன்னா உடனே தமிழ்ல சொல்லிடுவேன். பசங்களும் அதை எழுதிக்கும். தமிழ் தெரியாத ஒரு ஆள்கிட்ட அஞ்சு நிமிஷம் நான் இங்கிலீஷ் பேசினதே இல்ல, அந்த வாத்தியார்கிட்டப் பேசற வரைக்கும். மொத நாள் கேமராவ ஆஃப் பண்ணிட்டேன், தெரியுமா? வேர்த்துக் கொட்டிடுச்சு. அங்க போனா எனக்கும் அந்தப் பசங்களுக்கும் நடுவுல இங்கிலீஷ் மட்டுந்தான் இருக்கும். அத வெச்சு சொல்லித்தர முடிஞ்சா நான் டீச்சர். இல்லன்னா இத்தன நாள் என்ன பண்ணிட்டு இருந்தேன்னு தெரிஞ்சுக்கலாம்."

லூர்தம்மாள் அரிவாளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் குச்சி?"

"அங்க அதுலதான் சாப்பிடுவாங்க."

"ஏன், கையி என்னாச்சாம்?"

ஏஞ்சலின் சிரித்துவிட்டாள். லூர்தம்மாள் சிரிக்கவில்லை. ஆனால் சட்டியை இழுத்து மகளின் இலையில் இன்னொரு துண்டு போட்டாள். தனக்கும் ஒரு இலையை விரித்துக்கொண்டாள்.

"சரி. போறவ போ. ஆனா இது ஆறாது எனக்கு. உபதேசியாருக்குத் தெரிஞ்சப்புறம் எனக்குத் தெரியுது. நாளைக்கு இன்னும் என்னென்ன யாரு சொல்லித் தெரிஞ்சுக்கப் போறனோ."

ஏஞ்சலின் இடக்கையால் போனை எடுத்தாள். திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து அம்மாவின் பக்கம் வைத்தாள்.

"இது இன்னும் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கும்."

"இங்கிலீசுல இருக்குது. நீயே சொல்லு."

ஏஞ்சலின் வரி வரியாகத் தமிழில் சொன்னாள். லூர்தம்மாள் வாயில் வைத்த கவளத்தை மெல்லாமல் கேட்டாள்.

"இருபத்தெட்டுன்னா... இந்த மாசமா?"

"இந்த மாசம்."

"கிறிஸ்துமசுக்கு?"

"இருக்க மாட்டேன்."

"அவரு நேத்தே குடிலுக்கு மூங்கில் வெட்டிப் போட்டுட்டாரே."

"தெரியும்மா. அதனாலதான் சொல்ல முடியல. காலையில இருந்து நாலு தடவ வாயத் திறந்தேன்."

லூர்தம்மாள் கவளத்தை விழுங்கினாள். "அப்ப இது எனக்கு மட்டுந்தான் தெரியும்?"

"உனக்கு மட்டுந்தான்."

அம்மாவின் முகத்தில் வந்தது என்ன என்று ஏஞ்சலினுக்குப் பிடிபடவில்லை. வருத்தம் இருந்தது. அதன் மேலேயே வேறொன்றும் வந்து உட்கார்ந்திருந்தது. லூர்தம்மாள் போனை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன பதிலு போடப் போற?"

"திங்கக்கிழமைக்குள்ள போடணும். வர்றேன்னா அப்பாவுக்கு எப்படிச் சொல்றது? வரலன்னா வேற ஆளப் பாத்துப்பாங்க. நீயே சொல்லும்மா, என்ன போடட்டும்?"

"நானா?"

"நீதான்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அதற்கு முன்னாலேயே தங்கம்மாளின் குரல் வந்துவிட்டது.

"எங்கடி? எந்தப் பங்கு? மாப்பிள்ள என்ன வேலை பாக்கறான்? உம் புருஷன் வழியெல்லாம் வாயத் தொறக்க மாட்டேன்றாரு!"

பின்னாலேயே செபாஸ்டின். கையில் தங்கம்மாளின் பை. பையில் வாழைப்பழச் சீப்பும் பூவும் மேலே தெரிந்தன. அவர் உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்று இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லியாயிற்றா, இல்லையா? இலையில் சோறு குறைந்திருந்தது. அது நல்லதற்கா, கெட்டதற்கா?

லூர்தம்மாள் சாவகாசமாக விரலை நக்கினாள்.

"மாப்பிள்ளயும் இல்ல, ஓலையும் இல்லக்கா. ஏஞ்சலின் வியட்நாம் போறா. அங்க பசங்களுக்கு இங்கிலீசு சொல்லித்தர."

"எங்க?"

"வியட்நாம். அவங்களுக்கும் தமிழ் தெரியாது, இவளுக்கும் அவங்க பாஷை தெரியாது. நடுவுல இங்கிலீசு மட்டுந்தான். அத வெச்சுச் சொல்லித்தரணும். லேசுப்பட்ட வேலையில்ல."

தங்கம்மாள் பையைக்கூட வாங்காமல் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். "அடிப் பாவி. காலையில போன்ல அவ்ளோ நேரம் பேசின, இத ஒரு வார்த்த சொல்லலையே! உனக்கு எப்பத் தெரியும்?"

"எனக்கா?" லூர்தம்மாள் புருஷனைப் பார்த்தாள். "ஒரு வருஷமாத் தெரியும். வூட்டுக்குள்ள மூணு பேருந்தான் பேசிக்கிட்டு இருந்தோம். வேலை முடிவாவாம வெளிய சொல்லக் கூடாதுன்னு."

செபாஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தன. ஏஞ்சலின் பெரியம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க எழுந்தாள், எழுந்தவள் அங்கேயே நின்றாள்.

"நெஞ்சழுத்தக்காரிடி நீ," என்றாள் தங்கம்மாள், அதிசயமும் கோபமுமாக. "நானா இருந்தா ஒரு நாள்கூட வெச்சிருக்க மாட்டன். சரி, எப்பக் கெளம்பறா?"

செபாஸ்டினுக்கு உயிர் வந்தது. ஒரு வருஷத்துப் பாவத்தை ஒரே பதிலில் கழுவிவிடுகிற அவசரத்தோடு உள்ளே வந்து பையை இறக்கினார்.

"பொங்கல் கழிச்சுங்க. கிறிஸ்துமசு, பொங்கலு ரெண்டும் எங்களோட இருந்துட்டுதான். நானே மெட்ராஸ் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி ஏத்திவிடறன். அப்டித்தான லூர்து?"

ஏஞ்சலின் அம்மாவைப் பார்த்தாள்.

லூர்தம்மாள் அவருக்கும் ஒரு இலையை எடுத்து விரித்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். சோறு வைத்தாள்.

"ஆமாக்கா," என்றாள், செபாஸ்டினின் கண்ணை நேராகப் பார்த்து. "பொங்கல் கழிச்சு."

மடியிலிருந்த போனைச் சேலைக் கொசுவத்துக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டாள்.